கொழுந்தன் நெஞ்சில் கேட்ட சத்தம்

என் வீட்டுக்காரர் செத்தது சோற்றால்தான் என்று பதினொரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் பாதிப்பேர் அதை நம்பினார்கள். மீதிப்பேர் என் முன்னால் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் போய் வேறு பேசினார்கள். எனக்கு இரண்டும் தெரியும்.

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அவரும் அவர் தம்பியும் இரண்டே பேர். தம்பிக்குக் கல்யாணமானதும் கால்வாய்க்கு அக்கரையில் வயலை ஒட்டி வீடு கட்டிக்கொண்டு போனார். அந்தத் தம்பி மனைவி மேலூர்ப் பக்கத்துக்காரி. வந்த நாளிலிருந்தே அவள் பேச்சும் சிரிப்பும் எனக்கு ஒத்துவரவில்லை. சிரிக்கும்போது யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாது.

அவர்கள் மூத்த மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். கிடா வெட்டு. எனக்கு எடுத்த சேலை அவள் அம்மாவுக்கு எடுத்ததைவிட மட்டமாக இருந்தது. அதனால் நான் போகவில்லை. அவர் மட்டும் போனார். தம்பி பிள்ளைக்குக் காது குத்தும்போது பெரியப்பன் இல்லாமல் எப்படி என்றார். போங்கள் என்றேன்.

பந்தியில் அவருக்குப் பரிமாறியது அவள்தான். மூன்று தடவை சோறு வாங்கினாராம். எனக்கென்று ஒரு தூக்குச் சட்டியில் குழம்பும் வாங்கிக்கொண்டு உச்சி வெயிலில் புறப்பட்டிருக்கிறார். கால்வாய்க் கரை மேட்டில் பாதி ஏறியதும் வழக்கம்போலக் குத்தவைத்து உட்கார்ந்தாராம். சாப்பிட்டுவிட்டு நடந்தால் அப்படி நடுவழியில் உட்காருவார், ஒரு வெற்றிலை போடுவார், பிறகு எழுந்து நடப்பார். அன்றைக்கு எழுந்தார், இரண்டு எட்டு வைத்தார், விழுந்தார். வயலில் நின்றவர்கள் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது. முப்பத்தாறு வயது. அதுவரை ஒரு காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை.

கொண்டுவந்து போட்டபோது கடைவாயில் நுரை இருந்தது. நான் பார்த்தேன். சோற்றில் இடுமருந்து வைத்திருக்கிறாள் என்று அங்கேயே சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று உண்டு. ஆகாதவர்கள் சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும், சில சமயம் அன்றைக்கே முடித்துவிடும் என்பார்கள். பெரியவர்கள் பயந்துபோனார்கள். போலீஸ் வரும், உடம்பை அறுப்பார்கள் என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

பதினாறாம் நாள் முடிந்து கோயில் முன்னால் கூட்டம் கூடியது. அவள் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி, எரிய எரியக் கையை மூடி அணைத்துச் சத்தியம் செய்தாள். முகம் சுளிக்கவில்லை. ஊரே அவள் பக்கம் சாய்ந்தது. எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் கெட்டியானது. கை வேகும்போதுகூட முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத் தெரிந்தவளுக்கு எதுதான் முடியாது?

அதன் பிறகு பேச்சில்லை. நல்லது கெட்டது எதற்கும் கால்வாயைத் தாண்டவில்லை. நானே ஆள் வைத்து உழுதேன், நானே தண்ணீர் பாய்ச்சினேன். எட்டு வயதில் அப்பனை இழந்த என் மகனை யார் வாசலிலும் நிற்கவிடாமல் வளர்த்தேன். ஒரே பிள்ளை. நல்ல உயரம், அப்பனைப் போல அகன்ற தோள். பத்தொன்பது வயதில் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டான். ஓடச் சொல்வார்கள், கயிறு ஏறச் சொல்வார்கள் என்று தினமும் விடிந்ததும் கால்வாய்க் கரையில் ஓடுவான். காக்கிச் சட்டையில் அவன் ஊருக்குள் வருவதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அக்கரை வீட்டு வாசல் வழியாக ஒருதடவை நடக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை என் கொழுந்தனே அவனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பதினொரு வருஷத்தில் முதல்முறையாக என் வாசலில் நின்றார்.

"மதினி, பய கரையில விழுந்துட்டான். ரெண்டு நிமிஷம் பேச்சு மூச்சு இல்ல. இப்பத் தேவல."

மகனைப் பார்த்துக் கேட்டேன்.

"காலையில என்னடா தின்ன?"

"ஒண்ணுமில்ல."

"எங்க தின்ன?"

அவன் சித்தப்பனைப் பார்த்தான். அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓடி முடிச்சா பசிக்கும்ல. சின்னாத்தா ரெண்டு இட்டிலி குடுத்துச்சு."

"ரெண்டா?"

"ஏழு."

"எத்தனை நாளா?"

"ஆறேழு மாசமா" என்றான், தரையைப் பார்த்தபடி. "வயிறு நெறஞ்சிருச்சுன்னா திரும்பி வர்றப்பதான் மூச்சு வாங்குது. கொஞ்சம் குத்தவச்சா சரியாப் போகும். இன்னைக்கு உக்காராம ஓடிட்டேன்."

கொழுந்தன் போன பிறகு முற்றத்தில் தண்ணீர் தெளித்தேன். அவர் நின்ற இடத்தில் இரண்டு செம்பு கூடுதலாகவே தெளித்தேன். அப்பனுக்குச் செய்ததைப் பிள்ளைக்கும் செய்துவிட்டாள் என்பதில் எனக்கு இம்மியும் ஐயமில்லை.

மறுநாளே அவனை அவனியாபுரத்துக்குத் தெற்கே ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனேன். இடுமருந்து எடுப்பதில் பேர்போனவள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தான். இரண்டு வேளை நான் சாப்பிடாமல் உட்கார்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டான்.

நான் எளிதில் ஏமாறுகிறவள் இல்லை. அவள் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொன்னேன். அவள் கோபப்படாமல் ஆவென்று காட்டினாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். ஒன்றுமில்லை. அதற்கப்புறம் அவள் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செம்புக் குழாயை அவன் தொப்புளுக்கு மேலே வைத்து உறிஞ்சினாள். மூன்றாம் தடவை கிண்ணத்தில் துப்பினாள். கறுப்பாக, மயிர் சுற்றிய ஒரு கட்டி விழுந்தது.

"பார்த்தியாத்தா, வேர் விட்டிருக்கு. இட்டது பொம்பளைக் கை. நெருங்கின உறவு" என்றாள்.

வாய்விட்டு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, இவளுக்கு எப்படித் தெரிந்தது? நெருங்கின உறவுப் பொம்பளை இல்லாத வீடு எது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகன் சொன்னான், "எம்மா, அது புளியங்கொட்டை."

"வாயை மூடு."

"மயிர் அந்தப் பொம்பளைதுதான். அதுவும் நரைச்சிருக்கு."

பத்து நாள் என் கையால் சமைத்ததைத் தவிர அவன் வேறு எதையும் தொடவில்லை. நான் கூடவே இருந்தேன். பதினோராம் நாள் அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் வேலையாக மதுரைக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டில் புறப்பட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். படியில் கால் வைத்தவன் அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான். யாரோ ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என்னைக் கேட்டிருந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டேன். கேட்க யாருக்கும் நேரமில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. முப்பது வயது இருக்கும், தடித்த கண்ணாடி. அவன் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு அவனைக் கீழே குத்தவைக்கச் சொன்னாள். கேட்டாள். எழுந்து நிற்கச் சொன்னாள். கேட்டாள். மறுபடி குத்தவை, மறுபடி எழுந்திரு.

"எம் மகன் போலீசுக்குப் போகப் போறவன். தோப்புக்கரணம் போட வரல" என்றேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு வயிற்றை முக்கச் சொல்லி அதையும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இவங்க அப்பா எங்கம்மா?"

"செத்துட்டாரு."

"எப்படி?"

"சாப்பாட்டுல."

"சாப்பாட்டுலன்னா? சாப்பிட்டுட்டு நடந்தாரா, மேடு ஏறினாரா?"

இவள் எதற்குப் போலீஸ் மாதிரி கேட்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல மூச்சு வாங்கினா குத்தவைச்சு உக்காருவாரா?"

எங்கள் ஊர்க் கரையில் என் புருஷன் உட்கார்ந்தது மதுரையில் இருக்கிற இவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊரு எதும்மா?"

"மேலூர்ப் பக்கம். ஏன்?"

"சும்மாதான்" என்றேன். எல்லாம் விளங்கிவிட்டது. இவள் அவளுக்கு உறவு. முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள். என் மகன் போலீஸாகிவிடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்னது இது. இருதயத்துச் சதை இருக்க வேண்டியதைவிடப் பெருத்திருக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். குத்தவைக்கும்போது நெஞ்சில் சத்தம் குறைகிறது, எழுந்தால் கூடுகிறது. ரத்தம் வெளியே போகிற வழியைச் சதை அடைக்கிறது என்றாள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் இன்னும் மோசமாகும். இது அப்பன், பிள்ளை என்று குடும்ப ரத்தத்தில் வருகிற நோய். ஓடவே கூடாது, ஓடினால் ஒருநாள் நெஞ்சு அப்படியே நின்றுவிடும். உறுதியாகத் தெரிய மதராசுக்குத்தான் அனுப்ப வேண்டும், அங்கே அதற்கு மெஷின் இருக்கிறது. அதற்கு முன்னால், அப்பனுடன் பிறந்தவர் யாராவது இருந்தால் அவர் நெஞ்சைக் கேட்க வேண்டும்.

"கூடப் பொறந்தவர் இருக்காரா?"

"இல்ல" என்றேன்.

என் மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. போலீஸ் தேர்வுக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. மருந்து வைத்தது என்றால் எடுத்துவிடலாம், பையன் ஓடலாம். நெஞ்சுக் கோளாறு என்றால் காக்கிச் சட்டை இல்லை. எதை நம்ப வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை அன்றைக்கு யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அதை அவனுக்குக் கொடுக்கவில்லை. முதலில் என் வீட்டுக் கோழி ஒன்றுக்குக் கம்புத் தானியத்தோடு பொடித்துக் கலந்து வைத்தேன். நல்ல துடியான கோழி, பூனையையே விரட்டும். தின்ற கொஞ்ச நேரத்தில் மூலையில் போய் உட்கார்ந்ததுதான். சாயங்காலம்வரை கழுத்தைச் சொருகிக்கொண்டு இருந்தது. காகம் வந்து பக்கத்தில் கொத்தியும் அசையவில்லை.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் தனியாக மதுரைக்குப் போனேன். டாக்டரம்மா மேஜையில் கொட்டினேன்.

"என் கோழி படுத்திருச்சு. இதைத்தான் எம் பிள்ளைக்குக் குடுக்கச் சொன்னீங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "கோழிக்கா குடுத்தீங்க?"

"ஆமா."

"முழு மாத்திரையா?"

"உங்க பிள்ளைன்னா பாதி குடுத்துப் பாப்பீங்களா?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "அம்மா, இது நெஞ்சு படபடன்னு ஓடுறதைப் பைய ஓட வைக்கிற மாத்திரை. ஆளுக்கு உள்ளதைக் கோழிக்குக் குடுத்தா அது உக்காராம என்ன செய்யும்? செத்துப் போச்சா?" என்று கேட்டாள்.

"காலையில எந்திரிச்சிருச்சு."

"கெட்டிக்காரக் கோழி" என்றாள். பிறகு எழுந்தாள். "வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்."

படிக்கிற பிள்ளைகளுக்காகப் பாட்டிலில் உடம்பின் பாகங்களை வைத்திருக்கும் ஒரு அறைக்குக் கூட்டிப்போனாள். மூக்கை அரிக்கிற வாடை. ஒரு கண்ணாடிச் சாடியில் குறுக்கே வெட்டின இருதயம் ஒன்று மிதந்தது. ஆடு அடித்தால் எங்கள் வீட்டில் நான்தான் அறுத்துக் கழுவுவேன். இருதயம் எப்படி இருக்கும், சுவர் எவ்வளவு தடிப்பு, உள்ளே எவ்வளவு இடம் என்று என் கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை. நடுச்சுவர் இரண்டு விரல் தடிப்புக்கு இருந்தது. உள்ளே அறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல்தான் இருந்தது. வெளிறிய சதையில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகக் கோடும் திட்டும்.

"இது மனுஷனதுதானா?"

"மனுஷனதுதான். இருபத்தாறு வயசு. கிணத்துல தண்ணி இறைச்சுக்கிட்டு இருந்தப்ப விழுந்துட்டாரு."

"இந்த வெள்ளை என்ன, கொழுப்பா?"

"தழும்பு."

"அடிபடாம உள்ளுக்குள்ள எப்படித் தழும்பு வரும்?"

அவள் அவசரப்படாமல் சொன்னாள். சதை பெருக்கிற அளவுக்கு அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் பெருக்காது. பட்டினி கிடக்கிற சதை அங்கங்கே சாகும். செத்த இடத்தில் தழும்பு கட்டும். நல்ல இருதயத்தில் சதை இழைகள் நாற்றுக்கட்டு மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். இந்த நோயில் களத்தில் மாடு மிதித்த வைக்கோல் மாதிரி குறுக்கும் மறுக்குமாகக் கிடக்கும். அதைப் பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடியில் வைத்தால்தான் தெரியும். துடிப்பு அந்தச் சதை வழியாகத்தான் ஓட வேண்டும். இழையும் சரியில்லாமல், நடுவில் தழும்பும் இருந்தால் வழி தவறிச் சுற்றும். அப்படிச் சுற்றுகிற நேரத்தில்தான் ஆள் விழுவது.

"ஒரு வேளைச் சோத்துல இப்படி ஆக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"ஒரு வேளையில ஆகாதும்மா. இது வருஷக்கணக்குல ஆகுறது. சில தழும்பு பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்கூட இருக்கும்."

சாடியைப் பார்த்தபடியே நின்றேன். டாக்டரம்மா சொன்னதில் எங்கே பொய் இருக்கிறது என்று தேடினேன். தேடத்தேட வேறொன்று வந்து நின்றது. அந்த மேலூர்க்காரி எங்கள் குடும்பத்துக்குள் கால் வைத்து ஆறு வருஷத்தில் என் வீட்டுக்காரர் போனார். ஆனால் சாப்பிட்டதும் குத்தவைக்கிற பழக்கம் அவள் வருவதற்கு முன்னாலேயே அவருக்கு இருந்தது. எனக்குக் கல்யாணமான புதிதில், நான் ஆக்கிப் போட்டதைத் தின்றுவிட்டு வயலுக்குப் போகிறவர், களத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன், அவ்வளவு வயிறாரச் சாப்பிட்டிருக்கிறார் என்று.

"கூடப் பொறந்த தம்பி ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

"எப்பக் கூட்டிட்டு வாரீங்க?" என்றாள்.

கால்வாயைத் தாண்ட எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும், திரும்ப வாங்கிவந்த மாத்திரையை மகனுக்குக் கொடுத்தேன், முதலில் நான் ஒன்றை விழுங்கிப் பார்த்துவிட்டு. எனக்கும் கொஞ்சம் தலை சுற்றியது. அதைச் சொல்லாமல் கொடுத்தேன்.

நான் போனபோது அவள் வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

"வழி தப்பி வந்துட்டீகளாக்கா?"

"ஒரு விஷயமா வந்தேன்."

"உக்காருங்கன்னு சொல்லலாம். அப்புறம் பாயில என்ன தடவியிருந்தேன்னு கேப்பீக."

நின்றுகொண்டே சொன்னேன். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன், சாடியை மட்டும் விட்டுவிட்டு. அவள் ஒவ்வொரு மிளகாயாகத் திருப்பிப் போட்டாள்.

"இப்ப என் வீட்டுக்காரரையும் ஆஸ்பத்திரியில படுக்கப் போடணும். அதான?"

"படுக்கப் போடல. நெஞ்சுல குழாய் வச்சுக் கேப்பாங்க."

"குழாய்தான வைக்கிறாக? ஊசி கீசி போட்டு, அங்கிட்டே ஆளை முடிச்சு, கணக்கு நேராச்சுன்னு வீட்டுக்கு வந்திர மாட்டீகளே?"

எனக்குக் கோபம் வந்தது. வாய்வரை வந்ததை விழுங்கினேன். அவள் கேட்டது நான் கேட்டிருக்கக்கூடியது.

"ஒண்ணு கேக்குறேன், உள்ளதைச் சொல்லுங்க" என்றாள். "எங்க மேல இருக்கிற அக்கறையில வந்தீகளா, உங்க மகனுக்காக வந்தீகளா?"

"எம் மகனுக்காகத்தான்."

அவள் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். "அக்கறைன்னு சொல்லியிருந்தீகன்னா அனுப்பியிருக்க மாட்டேன். நாளைக்கு வாரோம். நானும் கூட வருவேன். எம் முன்னாலதான் தொடணும்."

மறுநாள் நான்கு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். என் பக்கத்தில் அவள் உட்கார வேண்டியதாயிற்று, வேறு இடமில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை என் கண் முன்னால் இருந்தது. திருப்பத்தில் கையை மாற்றிப் பிடித்தபோது உள்ளங்கை தெரிந்தது. நடுவில் தோல் சுருங்கி, ரேகையில்லாமல் ஒரு வட்டம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா என் கொழுந்தனைச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். குத்தவைங்க. எந்திரிங்க. நாற்பது வயது தாண்டின ஆள், வெட்கத்தோடு உட்கார்ந்து எழுந்தார். அவள் இரண்டாவது தடவை கேட்டுவிட்டு வெளியே போய் இன்னொரு டாக்டரைக் கூட்டிவந்தாள். அவரும் கேட்டார். அவர் போய் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.

"எதுக்குக்கா இம்புட்டுப் பேரு?" என்று கொழுந்தன் மனைவி என் காதுக்குள் கேட்டாள். ஒரு மனுஷர் நெஞ்சைக் கேட்க நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே சத்தம்தான். மகனுக்குக் கேட்டதைவிடக் குறைவு, ஆனால் அதே சத்தம். இனி சந்தேகமில்லை, இவன் ஓடக் கூடாது என்றாள் டாக்டரம்மா.

என் மகன் எழுந்தான். "எல்லாரும் சேந்துக்கிட்டீங்க" என்றான். "எம்மாவுக்கு நான் போலீசாகணும்னு ஆசைன்னுதான நெனச்சேன். இதுக்குத்தான் கோழிக்கும் குடுத்து எனக்கும் குடுத்துச்சா? இந்தத் தாழ்வாரத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக் காட்டுறேன். யாரு விழுறான்னு பாப்போம்."

அவன் வெளியே போய்விட்டான். நான் எழுந்து போவதற்குள் என் கொழுந்தன் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார். அவருக்குப் பேச்சு வராது, எப்போதும் வராது.

"டே, எனக்கு இருபது வருஷமா இருக்குடா" என்றார். "தண்ணி பாய்ச்சப் போனா வரப்புல உக்காருவேன்ல. பீடி குடிக்கவா உக்காந்தேன்? மூச்சு முட்டும்டா. உங்க அப்பனும் நானும் ஒருநாள்கூட இதை ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லல. சொன்னாக் கேவலம்னு. சொல்லியிருந்தா அண்ணன் இருந்திருக்கும்."

தாழ்வாரத்தில் ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் மகன் சித்தப்பனையே பார்த்தபடி நின்றான். பிறகு சுவரோரம் போய்ச் சாய்ந்துகொண்டான். ஓடவில்லை.

உள்ளே கொழுந்தன் மனைவி டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள், "அப்ப எம் பொம்பளைப் பிள்ளைகளுக்கு?" பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார்கள். வெளியே வந்தவள் என்னிடம் நின்றாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "ரெண்டு பேரையும் தனியாக் கூட்டியாரப் பயமா இருக்குக்கா" என்றாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளனே கெளம்பு. நானும் வாரேன்" என்றேன்.

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டுப் பழக்கமில்லை. அவளும் கேட்கச் சொல்லவில்லை. பெரியவளுக்கு அந்தச் சத்தம் இருந்தது, சின்னவளுக்கு இல்லை. மகனை மதராசுக்கு அனுப்பி மெஷினில் பார்த்தோம். டாக்டரம்மா சொன்னதுதான் அங்கேயும். பிற்பாடு அவன் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதப் போனான். இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறான். என் கொழுந்தன் தூக்கத்தில், அறுபத்து மூன்றாவது வயதில் போனார்.

போலீஸ் தேர்வு நடந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். அவனோடு மனுப்போட்ட பையன்கள் காலை பஸ்ஸில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்தான். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தான். எனக்கு அவன்மேல் நம்பிக்கை இல்லை. யாருமில்லாத இடத்தில் ஓடிப் பார்ப்பான் என்று தோன்றியது. பத்து எட்டு விட்டுப் பின்னால் போனேன். அவன் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். கரை மேட்டில் ஏறும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னான்.

"எம்மா, நீ வர்றது தெரியுது."

"வயலுக்குப் போறேன்."

"வயலு அங்கிட்டு இருக்கு."

கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்றான். நான் பக்கத்தில் வந்து சேரும்வரை நின்றான். எங்களைத் தாண்டிக்கொண்டு யாருடைய எருமையோ அசைந்து அசைந்து போனது.

"இப்படி நடந்தா எருமைகூட நம்மள முந்திரும்" என்றான்.

"முந்தட்டும்" என்றேன்.